நினைவேடு – 7: விரித்துவைத்த இரண்டு பக்கங்கள்

ஸ்கிராப்புக்கில் ஒரு பக்கம் தனியாக நிற்பது தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்தான். நடுவில் எங்கே திறந்தாலும் இடமும் வலமுமாக இரண்டு பக்கங்கள் சேர்ந்தே கண்ணில் படும். இடப்பக்கம் பிறந்தநாள், வலப்பக்கம் கோயில் திருவிழா என்று தனித்தனியாக ஒட்டியிருந்தாலும் பார்ப்பவரின் கண் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்துச் சிவப்பு அந்தப் பக்கத்துப் பச்சையோடு மோதும். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் வெறிச்சென்றும் இருந்தால், பாரம் ஒரு பக்கம் ஏறிய மாட்டுவண்டி போல ஏடு சாய்ந்து தெரியும். அதனால் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கங்களை ஒதுக்கி, இரண்டையும் ஒரே பரப்பாகக் கருதி வடிவமைப்பது இந்தக் கலையில் தனி முறையாகவே வளர்ந்திருக்கிறது. இதை இருபக்க விரிப்பு என்று சொல்லலாம்.

எதிரெதிர்ப் பக்கங்களை ஒன்றாக நினைக்கும் பழக்கம் முதலில் பத்திரிகைக்காரர்களுடையது. நியூயார்க்கிலிருந்து வந்த ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழுக்கு 1934 முதல் 1958 வரை கலை இயக்குநராக இருந்த அலெக்ஸி பிரோடோவிச், இரண்டு பக்கங்களையும் ஒரே மேடையாகப் பாவித்தார். ஒரு பெரிய படம், அதைச் சுற்றித் தாராளமான வெள்ளை இடம், எதிர்ப்பக்கத்தில் அந்தப் படத்துக்குப் பதில் சொல்வது போல எழுத்து என்று அவர் அமைத்த பக்கங்கள் இன்றைக்கும் வடிவமைப்புப் பாடமாக இருக்கின்றன. ஸ்கிராப்புக்குக்கு அதைவிட நீண்ட வரலாறு உண்டு. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-லேயே பசை தடவிய தாள்களைக் கொண்ட ஒட்டுப் புத்தகத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஈரம் தொட்டு அழுத்தினால் போதும், படம் ஒட்டிக்கொள்ளும். குடும்பப் படங்கள், டிசைன் பேப்பர், கையெழுத்துக் குறிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இன்றைய வடிவம் யூட்டா மாநிலத்தில் வேர் பிடித்தது. மேரிலென் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி தம் குடும்பத்துக்காகச் செய்த ஏடுகளை 1980-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். அதற்குப் பிறகு இந்தக் கைவேலை அங்கே வீடுவீடாகப் பரவியது.

தமிழ் வாசகர்களுக்கு இருபக்க விரிப்பு புதிதல்ல. கல்யாண வீடுகளில் கைமாறும் ‘கரிஸ்மா’ ஆல்பத்தை விரித்தால் 12 அங்குல உயரத்தில் 36 அங்குல அகலத்துக்கு ஒரே படம் நீண்டு கிடக்கும். அது ஸ்டுடியோவில் கணினியில் கோத்து அச்சடிக்கப்படுவது. கையால் வெட்டி ஒட்டும் ஏட்டில் அதே வேலையைத் தாளும் கத்தரியும் செய்ய வேண்டும்.

இந்தக் கைவேலையில் வழக்கமான தாள் 12 அங்குலச் சதுரம். இரண்டை அருகருகே வைத்தால் 24 அங்குல அகலம், 12 அங்குல உயரம். உயரத்தைப் போல அகலம் இரு மடங்காக இருப்பதால் கண் இடமிருந்து வலமாக நடந்து போக இடம் கிடைக்கிறது. பயணம், ஊர்வலம், பந்தி, விளையாட்டுப் போட்டி என்று நேரத்தில் நீளும் நிகழ்ச்சிகள் இதில் அழகாக உட்காரும். ஒரே முகம், ஒரே கணம் என்றால் ஒற்றைப் பக்கமே மேல். அதை இரண்டு பக்கத்துக்கு இழுத்தால் நீர்த்துப் போகும்.

வேலை படங்களிலிருந்து தொடங்க வேண்டும். கடையில் பார்த்த டிசைன் பேப்பர் பிடித்துப்போய், அதற்கேற்ற படம் தேடுவது தலைகீழான வழி. ஒரு நிகழ்ச்சிக்குக் கைபேசியில் நூறு படங்கள் இருக்கலாம். விரிப்பு தாங்குவது ஆறிலிருந்து ஒன்பது வரைதான். ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 4×6 அங்குலப் படங்களைப் படுக்கைவாட்டில் வரிசைக்கு இரண்டாக மூன்று வரிசை அடுக்கினால், ஆறே படங்களில் 12 அங்குலத் தாள் ஒரு நூல் இடம்கூட மிச்சமில்லாமல் நிரம்பிவிடும். இரண்டு பக்கத்துக்குப் பன்னிரண்டு படம். அதற்கப்புறம் தலைப்புக்கோ எழுத்துக்கோ டிசைன் பேப்பருக்கோ இடம் ஏது? கண் ஓய்வெடுக்கும் காலி இடமும் போய்விடும். ஆகவே சில படங்களைச் சிறிதாக்க வேண்டும், சிலவற்றை விட்டுவிட வேண்டும். விட மனமில்லாதவற்றை ஒரு காகித உறையில் போட்டு அதே விரிப்பின் பின்னால் செருகி வைக்கலாம்.

தேர்ந்த படங்களில் ஒன்று தலைமைப் படமாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி என்ன, யாருடையது என்பதை அது ஒன்றே சொல்லிவிட வேண்டும். எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருந்தால் எதை முதலில் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. அளவில் சிறிய வித்தியாசம் போதாது. தலைமைப் படத்தின் பரப்பு அடுத்த பெரிய படத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்காவது இருந்தால்தான் அது தலைமை என்று தெரியும். 6×8 படத்தின் பரப்பு 48 சதுர அங்குலம், 4×6 படத்தின் பரப்பு 24. இந்த இரண்டும் பொருந்தும் ஜோடி.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைபேசிப் படங்கள் பெரும்பாலும் 3-க்கு 4 என்ற விகிதத்தில் பதிவாகின்றன. 4×6 தாளின் விகிதமோ 2-க்கு 3. படுக்கைவாட்டுப் படத்தை 6 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் நாலரை அங்குலம் வரும். தாள் 4 அங்குலம்தான் என்பதால் மேலும் கீழுமாக அரை அங்குலம் வெட்டுப்படும். பின்வரிசையில் நின்ற தாத்தாவின் தலைப்பாகை காணாமல் போவது இப்படித்தான். 6×8 அச்சில் இந்தச் சிக்கல் இல்லை, விகிதம் அப்படியே பொருந்துகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 4×6 அச்சுக்கு 1200×1800 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வந்திருக்கும். எடுத்தவரிடமே மூலப்படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குவது நல்லது.

படத்தை வெட்டுவதில் ஒரு காலத்துப் பாணி நிறையக் கெடுதல் செய்திருக்கிறது. 1990-களில் அமெரிக்க ஸ்கிராப்புக் வேலைக்காரர்களிடம் படங்களை இதய வடிவத்திலும் நட்சத்திர வடிவத்திலும் நறுக்குவது பரவலாக இருந்தது. நெளிநெளியான விளிம்பு வெட்டும் கத்தரிகள் அப்போது கடைகளில் குவிந்தன. முகம் மட்டும் மிஞ்சி, சுற்றியிருந்த வீடு போய்விட்டது. முப்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்குச் சுவரில் தொங்கிய நாட்காட்டியும் மூலையில் இருந்த டிவிப் பெட்டியும் திண்ணையில் சாய்த்து வைத்த சைக்கிளும்தான் முகத்துக்கு அடுத்தபடி அரிய செய்தி. வேண்டாத வானத்தையும் வெறும் தரையையும் வெட்டலாம். பொருட்களையும் இடத்தையும் விட்டுவைக்க வேண்டும். வெட்டு நேர்கோடாக இருக்கட்டும். ஒரே பிரதி மட்டும் உள்ள பழைய படத்தில் கத்தரி படவே கூடாது. அதை ஸ்கேன் செய்து அச்செடுத்த பிரதியைத்தான் ஏட்டில் பயன்படுத்த வேண்டும்.

விரிப்புக்கே உரிய சிக்கல் நடுமடிப்பு. ஸ்டுடியோ ஆல்பம் போல ஒரே தாளாக விரிவது இது அல்ல. இரண்டு தனித் தாள்கள், இரண்டு தனி உறைகள். திருகு மரை போட்டுக் கோத்த ஆல்பத்தில் பக்கங்கள் ஓரளவு நெருங்கி வரும். வளையம் போட்ட ஆல்பத்தில் உறையின் துளை ஓரம், வளையம் எல்லாம் சேர்ந்து நடுவே நல்ல இடைவெளி விழும். உறைக்குள் தாள் சற்றே நகரவும் செய்யும். எனவே மேசையில் இரண்டு தாளையும் ஒட்ட வைத்து அழகு பார்த்தது ஆல்பத்தில் அப்படியே கிடைக்காது.

இதற்கு மூன்று வகையில் வழி காண்கிறார்கள். ஒன்று, மடிப்பைக் கடக்கும் எதையும் எளிய கிடைக்கோடாக வைத்துக்கொள்வது. தாளின் பட்டையோ ஒரு வரிசைப் படங்களின் மேல்விளிம்போ ஒரே உயரத்தில் இருபக்கமும் ஓடினால், நடுவே இடைவெளி இருந்தாலும் கண் அதைத் தாண்டி இணைத்துக்கொள்ளும். இரயில் பெட்டிகளுக்கு இடையே இணைப்பு தெரிந்தாலும் வண்டி ஒன்றுதானே. வட்டமும் சாய்கோடும் அப்படி மன்னிப்பதில்லை. அரை நூல் நகர்ந்தாலும் உடைந்து தெரியும். இரண்டாவது, இரண்டு பக்கத்துக்கும் ஒரே அடித்தாள், ஒரே ஓர அளவு. இது மட்டுமே பாதி வேலையை முடித்துவிடும். மூன்றாவது, பெரிய படம் ஒன்றை மடிப்பின் குறுக்கே இரண்டாக வெட்டி ஒட்டுவது. கடற்கரை, மலைத்தொடர், ஐம்பது பேர் நிற்கும் குடும்பப் படம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். வெட்டும் இடம் இருவருக்கு இடையே உள்ள சந்தாகவோ மரத்தின் அடியாகவோ வெறும் வானமாகவோ இருக்க வேண்டும். முகத்திலோ தோளிலோ வெட்டு விழுந்தால் அந்த ஆளைப் பார்க்கவே மனம் சங்கடப்படும்.

முகங்கள் பார்க்கும் திசையும் இதோடு சேர்ந்தது. இடப்பக்கத்துப் படத்தில் உள்ளவர் வலம் நோக்கியும், வலப்பக்கத்தவர் இடம் நோக்கியும் இருந்தால் பார்வை விரிப்புக்குள்ளேயே சுற்றும். வெளியே பார்க்கும் முகம் வாசகரின் கண்ணையும் ஏட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடுவது சிலர் செய்யும் குறுக்குவழி. வகிடும் மூக்குத்தியும் மாராப்பும் இடம் மாறி, தெரிந்தவர் முகமே வேற்று முகமாகிவிடும். படத்தின் இடத்தை மாற்றுவதே சரி.

இனி டிசைன் பேப்பர். பூ, கட்டம், கோடு, புள்ளி என்று அச்சடித்த இந்தத் தாள்களைப் புடவையின் கரையாக நினைத்துக்கொண்டால் கை தவறாது. உடல் என்பது படங்கள். கரை உடலை எடுத்துக் காட்டும், முந்தானையில் மட்டும் கொஞ்சம் விரிந்து விளையாடும். உடல் முழுதும் கரையாக நெய்த புடவையை யாரும் கட்டுவதில்லை. அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஒற்றை நிறக் கெட்டித்தாளை அடியாக வைத்து, அதன்மேல் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி அளவுக்கு டிசைன் பேப்பரைப் பட்டையாகவோ கட்டமாகவோ ஒட்டுவது பழகுபவருக்குப் பாதுகாப்பான வழி. முழுப் பக்கத்துக்கும் டிசைன் பேப்பர் போட வேண்டுமென்றால் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும் பொடி டிசைனாக இருக்கட்டும்.

இரண்டு மூன்று டிசைன்களைக் கலக்கும்போது நிறத்தைவிட அளவுதான் அதிகம் காலை வாரும். பெரிய பூ, நடுத்தரக் கோடு, பொடிப் புள்ளி என்று மூன்றும் மூன்று அளவில் இருந்தால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. ஒரே அளவுள்ள இரண்டு பூத்தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டும் சண்டையிடும். மூன்றுக்கும் பொதுவாக ஒரு நிறமாவது இருக்க வேண்டும். பெரிய டிசைன் பெரிய துண்டில்தான் எடுபடும். கை அகலத் தாமரையை ஓர் அங்குலப் பட்டையாக வெட்டினால் இதழ் எது, தண்டு எது என்று தெரியாமல் வெறும் கறையாகிவிடும். எழுத்தோ விலங்கோ மரமோ அச்சடித்த தாளுக்கு மேல் கீழ் உண்டு. வெட்டும் முன் பின்புறம் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டால் யானை தலைகீழாக நிற்காது.

டிசைன் பேப்பரில் பொருளை அப்படியே அச்சடித்து விற்பதும் உண்டு. பிறந்தநாளுக்குக் கேக்கும் பலூனும், கடற்கரைக்குச் சிப்பியும் குடையும் அச்சடித்திருக்கும். இவை ஆசை காட்டும், ஆனால் படத்தில் உள்ள உண்மையான கேக்கோடு அச்சடித்த கேக்கு போட்டி போடும். கோடு, கட்டம், புள்ளி, இலை போன்ற பொது டிசைன்களே படங்களுக்கு வழிவிடும். இன்னும் பத்து வருடம் கழித்தும் அவை பழசாகத் தெரியாது.

நிறத்தைப் படத்திலிருந்தே எடுக்க வேண்டும். தலைமைப் படத்தைத் தாள்களின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தால் போதும். எந்தத் தாள் அதற்கு உறவு என்று கண்ணே சொல்லிவிடும். ஒருவர் சட்டையின் ஆரஞ்சு, பின்னாலிருக்கும் கதவின் பச்சை என்று சிறிய அளவில் வரும் நிறத்தை எடுத்துத் தாளில் கொடுத்தால், படத்துக்குள் அந்த நிறம் உயிர் பெறும். பெரும்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தையே தாளிலும் போட்டால் படம் தாளில் கரைந்துவிடும். ஆளுக்கொரு நிறத்தில் உடுத்தி எந்தத் தாளோடும் ஒத்துப்போகாத படங்களைக் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டுவிடலாம். ஒரு விரிப்பில் தலைமைப் படம் மட்டும் வண்ணத்திலும் மற்றவை கறுப்பு வெள்ளையிலும் இருப்பது பல சமயம் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைகிறது.

படத்தை நேராக டிசைன் பேப்பரின் மேல் ஒட்டாமல், இடையே ஒற்றை நிறத் தாளை மெல்லிய விளிம்பாக விடுவது மற்றொரு நல்ல பழக்கம். தச்சர்களின் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். சுற்றிலும் ஒரு நூல் விளிம்பு வேண்டுமென்றால் 4×6 படத்துக்கு அடித்தாளை 4¼×6¼ அங்குலமாக வெட்ட வேண்டும். இரண்டு புறமும் ஒவ்வொரு நூல் கூடுவதால் கால் அங்குலம் சேர்கிறது. வெள்ளையோ சந்தன நிறமோ போதும். கறுப்பு விளிம்பு எல்லாப் படத்துக்கும் போட்டால் பக்கம் கனத்துவிடும்.

இவ்வளவையும் ஓர் உதாரணத்தில் பொருத்திப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை இரயிலில் போன ஒரு குடும்பத்தின் படங்கள் என்று வைத்துக்கொள்வோம். சன்னலில் கன்னத்தை அழுத்தி வலப்பக்கம் எட்டிப் பார்க்கும் சிறுமி, தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல் சட்டம், பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும் நீராவி எஞ்சின், ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இறங்கி நிற்கும் பெரியவர்கள், அங்கே கூரைமேல் ஒரு குரங்கு, குன்னூர் பெயர்ப்பலகை. மொத்தம் ஆறு. சிறுமியின் படம் தலைமை. நிலைவாட்டில் 6×8 அளவு.

அடித்தாள் இருபக்கமும் சந்தன நிறம். இரயில் பெட்டியின் நீலத்துக்குக் கூட வரும் நிறம் அது. டிசைன் பேப்பர் பெட்டியின் நீலத்தில் பொடி வெள்ளைக் கட்டம் போட்டது, ஒரே ஒரு தாள். அதை 12×5 அளவில் இரண்டு பட்டைகளாக வெட்டினால் 12×2 துண்டு ஒன்று மிஞ்சும். பட்டைகளை இரண்டு பக்கத்திலும் மேலிருந்து 5 அங்குலம் விட்டு விளிம்போடு விளிம்பாக ஒட்டினால், ஒரு தாளிலேயே 24 அங்குல நீளத்துக்கு இரயில் போல ஒரு நீலப் பட்டை ஓடிவிடும். கீழே 2 அங்குலம் சந்தன நிறம் காலியாக இருக்கும்.

இடப்பக்கத்தில் வெளி ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் விட்டு 4 அங்குலச் சதுரமாகப் பல் சட்டத்தின் படம். கால் அங்குலச் சந்து. அடுத்து 6 அங்குல அகலத் தலைமைப் படம். மொத்தம் பத்தேகால் அங்குலம் போக, மடிப்புப் பக்கம் முக்கால் அங்குலம் மிஞ்சும். சதுரம் பட்டைக்குள் மேலும் கீழும் அரை அங்குலம் நீலம் தெரியும்படி நிற்கும். தலைமைப் படத்தின் அடிவிளிம்பு அந்தச் சதுரத்தின் அடிவிளிம்போடு ஒத்து நிற்கும். மேற்பகுதி மட்டும் பட்டையை மீறி மூன்றரை அங்குலம் உயர்ந்து எழும். அந்த ஒரு மீறல்தான் விரிப்பின் உயிர்.

வலப்பக்கத்தில் மடிப்பிலிருந்து முக்கால் அங்குலம் விட்டு 6×4 எஞ்சின் படம், கால் அங்குலச் சந்து, பெரியவர்களின் 4 அங்குலச் சதுரம், இதுவும் பத்தேகால். பட்டைக்கு மேலே, தலைமைப் படத்தின் உச்சி இருக்கும் அதே உயரத்தில் தொடங்கி 3 அங்குலச் சதுரங்களாகக் குரங்கும் பெயர்ப்பலகையும். அவற்றுக்கு அப்புறம் மூன்றேமுக்கால் அங்குல அகலக் குறிப்புப் பெட்டி. 3, கால், 3, கால், மூன்றேமுக்கால் ஆகியவற்றைக் கூட்டினால் மறுபடியும் அதே பத்தேகால். எல்லா வரிசையும் ஒரே அகலத்தில் முடிவதால் விளிம்புகள் கோடு போட்டது போல் நிற்கும். பார்ப்பவர் இந்தக் கணக்கை அறிய மாட்டார், ஒழுங்கை மட்டும் உணர்வார்.

தலைப்பு இடப்பக்கத்தில் பல் சட்டத்துக்கு மேலுள்ள காலி இடத்தில். மிஞ்சிய 12×2 துண்டின் மறுபுறத்தில் இன்னொரு டிசைன் இருக்கும். பெரும்பாலான தாள்கள் இருபுறமும் அச்சடித்தவை. அதிலிருந்து அரை அங்குலப் பட்டை ஒன்றை எடுத்து மூன்றாக்கி, ஒன்றைத் தலைப்பின் அடியிலும், ஒன்றைக் குறிப்பின் அடியிலும், ஒன்றைக் கீழே காலியாக உள்ள இடத்தில் தலைமைப் படத்துக்கு நேர் கீழே தேதிக்கு அடியிலும் ஒட்ட வேண்டும். மூன்று இடங்களும் ஒரு முக்கோணமாக அமைந்து கண்ணைச் சுற்றி வரச் செய்யும். இரண்டு இடத்தில் மட்டும் வந்தால் எதிரெதிராக நின்றுவிடும்.

ஒட்டும் முன் எல்லாவற்றையும் பசையில்லாமல் அடுக்கிக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம். தலைமைப் படத்தைவிட டிசைன் பேப்பர் முன்னால் வந்து நின்றால் தாள் அடர்த்தி அதிகம் என்று பொருள்.

குறிப்பு எழுதுவதைக் கடைசி வேலையாகத் தள்ளிவிடுவதால்தான் பல ஏடுகளில் எழுத்தே இல்லாமல் போகிறது. முதலிலேயே இடம் ஒதுக்கியிருந்தால் எழுதாமல் விட மனம் வராது. யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் கட்டாயம். தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு கவனமும் வேண்டும். ‘சின்ன அத்தை’, ‘பெரியப்பா’, ‘ஊர்த் தாத்தா’ என்று உறவுமுறை மட்டும் எழுதினால், எழுதியவருக்கு அது அத்தை, அவர் மகளுக்குச் சின்னப் பாட்டி, பேரனுக்கு யாரென்றே தெரியாத ஒருவர். உறவுமுறை சொல்பவரோடு மாறும், பெயர் மாறாது. முழுப் பெயரை எழுதி, யாருக்கு என்ன முறை என்று அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது நல்லது. படத்தில் தெரியாததை எழுத வேண்டும்: எஞ்சின் தண்ணீர் பிடித்த நேரத்தில் யார் யாரைத் தேடினார்கள், புளிசாதப் பொட்டலத்தைக் குரங்கு கொண்டுபோனது எப்போது. கணினி எழுத்தைவிடக் கையெழுத்து மேல். கோணலாக இருந்தாலும் அது ஒருவருடைய கை. சாதாரணப் பேனாவின் மை காலப்போக்கில் வெளிறும், ஈரத்தில் பரவும். நிறமி மை உள்ள பேனாவால் எழுதினால் நிலைக்கும். எழுத்து நேராக டிசைன் பேப்பரின் மேல் வராமல் ஒற்றை நிறத் துண்டில் வர வேண்டும்.

தாளும் பசையும் படத்துக்கு நஞ்சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரக்கூழில் உள்ள லிக்னின் நீங்காத மலிவுத் தாள் செய்தித்தாளைப் போலவே பழுத்து, அமிலத்தைப் பக்கத்திலுள்ள படத்துக்கும் ஏற்றிவிடும். அமிலமும் லிக்னினும் இல்லை என்று குறித்த தாள்தான் வேண்டும். படத்தோடு சேர்ந்திருக்கும் பொருட்களால் படத்துக்குக் கெடுதி வருமா என்று அறிய ‘ஐஎஸ்ஓ 18916’ என்ற சர்வதேசச் சோதனை முறையும் உண்டு. செல்லோடேப் மஞ்சளித்துக் கறை விடும். நீர்ப்பசை தாளை நெளியச் செய்யும். அமிலமற்ற இருபக்க டேப் கைக்கு எளிது. மாற்ற முடியாத அரிய படமென்றால், கறுப்புத் தாளும் இடையே வெண்ணெய்த்தாளும் வைத்த பழைய ஆல்பங்களில் இருந்தது போலப் போட்டோ மூலைகளே சிறந்தவை. அவை படத்தைப் பசை தொடாமல் பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது எடுக்கவும் விடும்.

அலங்காரப் பொருட்களில் விரிப்புக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. ஏட்டை மூடினால் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் முகத்தோடு முகமாகப் படியும். இடப்பக்கத்தில் மடிப்பிலிருந்து 5 அங்குலத்தில் ஒட்டிய பொத்தான், வலப்பக்கத்தில் மடிப்பிலிருந்து 5 அங்குலத்தில் உள்ள முகத்தில் போய் அழுந்தும். மேலே கண்ட உதாரணத்தில் சிறுமியின் படம் எஞ்சின் படத்தின்மேலும் சதுரங்களின்மேலும் படிகிறது. அந்த இடங்களில் பாசிமணி, உலோகத் துண்டு எதுவும் கூடாது. புடைப்பான பொருளே வேண்டுமென்றால் கீழே இரண்டு அங்குலம் காலியாக உள்ள பட்டையில், எதிரே ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து ஒட்டலாம். உதாரணத்தின் மலை இரயில் விரிப்பில் பயணச்சீட்டைத் தட்டையாக அங்கே வைத்தாலே போதும். பயணச்சீட்டின் அச்சு சீக்கிரம் மங்கும் என்பதால் அதன் நகலையும் எடுத்து வைக்க வேண்டும்.

ஒட்டி முடித்த இரண்டு தாள்களையும் பாலிபுரோபிலீன் உறைகளில் செருக வேண்டும். பிவிசி உறை நாளடைவில் அமிலத்தை வெளியிடும், படத்தின் பரப்போடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆல்பத்தில் கோத்தபின் விரித்துப் பார்க்கும்போது நீலப் பட்டையின் இரு முனைகளும் மடிப்பில் ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும். ஒன்று சற்று இறங்கியிருந்தால் அந்த உறையின் அடியில் தாளுக்குக் கீழே ஒரு நூல் அகலக் கெட்டித்தாள் துண்டைச் செருகினால் பட்டை சமமாகிவிடும்.